காப்பு கட்டிய கை

எனக்கு வாய் நீளம். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். பாலம்மாளிடம் பேச்சுக் கொடுப்பதற்குக் கருவேல முள்ளில் கையை விடலாம் என்று என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டியே ஒரு நாள் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என்ன பாடு பட்டார் என்பதை மட்டும் டீக்கடையில் போய்ச் சொல்லவில்லை. அப்பேர்ப்பட்ட எனக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோவில்பட்டி பைபாஸ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில், அந்த வாய் எதற்கும் உதவவில்லை.

என் மகள் பாண்டிச்செல்விக்கு அன்று டாக்டர் பரீட்சை. நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கிற நுழைவுத் தேர்வு. அதற்கு வேறு பெயர் இருக்கிறது, எங்கள் ஊரில் டாக்டர் பரீட்சை என்றால்தான் தெரியும். போன வருஷம் ஒரு தரம் எழுதினாள். அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கின இடங்கள் அவளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துபோயின. அதன் பிறகு ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படித்தாள். நான் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறும்போது புத்தகத்தோடு இருப்பாள். சாயங்காலம் வந்து இறங்கும்போதும் அதே இடத்தில் இருப்பாள். கூடப் படித்தவர்களெல்லாம் காலேஜ் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறதை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். இந்தத் தரமும் கிடைக்கவில்லை என்றால் ஏதாவது ஒரு பி.எஸ்ஸியில் சேர்ந்துவிடுகிறேன், மூன்றாவது தரம் என்னால் முடியாது என்று அவளாகவே சொல்லிவிட்டாள். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பரீட்சைக்கு எதை உடுத்தலாம், எதைப் போடக்கூடாது என்று ஒரு பெரிய சட்டமே இருக்கிறது. முழுக்கை கூடாது. பெரிய பட்டன் கூடாது. ஷூ கூடாது. கம்மல், மூக்குத்தி, கொலுசு, கைக்கடிகாரம் எதுவும் கூடாது. முதல்நாள் சாயங்காலமே அவளை வாசலில் நிறுத்தித் தலையிலிருந்து கால்வரை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூக்குத்தித் திருகு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. சோப்புப் போட்டுத் திருகி எடுத்தேன். ஹேர்பின் இரும்பாயிற்றே என்று ரப்பர் பேண்டு வாங்கிவரச் சொன்னேன். கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றையும் அவிழ்த்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். ஆபீசில் தினமும் பண்டல் பார்க்கிற கண் என்னுடையது. ஒரு குச்சி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்கு ஒரு திமிர்.

அவள் இடது கை மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டின காப்பு இருந்தது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள், அவள் அப்பாவும் பார்த்தார். மூன்று பேருக்கும் அது ஒரு பொருளாகத் தோன்றவே இல்லை. ஊர்ப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கிற நாள்வரைக்கும் அது கையோடு சேர்ந்தது. கையில் விரல் இருக்கிறதே, அதைக் கழற்றினாயா என்று யாராவது கேட்பார்களா?

எங்கள் ஊர் நாகலாபுரத்துக்குத் தெற்கே. சித்திரைக் கடைசியில் எங்களுக்குக் காளியம்மன் பொங்கல் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினால் அடுத்த செவ்வாய் பொங்கல், மறுநாள் காப்பு அவிழ்ப்பு. பங்காளி வீடுகளில் வீட்டுக்கு ஒரு பெண் காப்புக் கட்டிக்கொண்டு, இருட்டறையில் முளைப்பாரி வளர்ப்பாள். அவள் பகலில் வெளியூர் போகலாம், பொழுது அடைவதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிட வேண்டும். பூசாரிக்கு அந்தச் சலுகையும் கிடையாது. கையில் காப்பு இருக்கிறவரைக்கும் அவர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. காப்பை அறுக்கவும் கூடாது. கட்டின பூசாரிதான் அவிழ்க்க வேண்டும். நடுவில் அந்தப் பெண்ணுக்கு மாதத் தூரம் வந்துவிட்டால், பூசாரி அவிழ்த்து, நூல் தரையில் படாமல், அதே வீட்டில் இன்னொருத்தி கையில் மாற்றிக் கட்டுவார். இவ்வளவுதான் முறை. இதைச் சின்னப் பிள்ளையில் இருந்து பார்த்து வளர்ந்தவள் நான்.

பூசாரி வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரரின் அண்ணன் கொம்பையாதான். அவரும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

அவருக்கு ஒரே மகன், சதீஷ்குமார். என்ஜினியரிங் கடைசி வருஷம் படித்தான். இதே பொங்கல் சமயத்தில், பூசாரி மகன் என்று அவன் கையிலும் காப்புக் கட்டி, அப்பாவைப் போலவே எல்லைக் கல்லைத் தாண்டாமல் இருக்கும்போது, ஒரு பெரிய கம்பெனியில் இருந்து அவன் காலேஜுக்கு ஆள் எடுக்க வந்தார்கள். காப்பை அறுத்துப் போட்டுவிட்டு இன்டர்வியூவுக்குப் போனான். நேரமாகிவிட்டது என்று வண்டியை முறுக்கிக்கொண்டு போன பிள்ளை ஹைவேயில் எதிர்த்திசையில் வந்த லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். காப்பை அறுத்தான், காளி எடுத்துக்கொண்டாள் என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. எழவு வீட்டில் உட்கார்ந்துகொண்டே பேசினார்கள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. சாமி எப்போதிருந்து லாரி ஓட்டுகிறது என்று கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். கொம்பையாவைப் பார்த்து, நீங்கள் கட்டின கயிறு கையில் இருந்தபோது ஒன்றும் கொடுக்கவில்லை, அறுத்தால் மட்டும் உயிரை எடுத்துவிடுமா என்றும் கேட்டுவிட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அன்றைக்கு நின்றது பேச்சு.

அதிலிருந்து நான் காப்புக் கட்டிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் இருந்து முளைப்பாரியும் போகவில்லை. இந்த வருஷம் செல்வியிடம் அவரே வந்து கேட்டிருக்கிறார். அவளுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சதீஷும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஏழாம் வகுப்பில் அவள் கணக்கில் தடுமாறியபோது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து, முதல்முதலாக அவளை டாக்டரம்மா என்று கேலியாகக் கூப்பிட்டவன் அவன்தான். நீ கட்டமாட்டேன் என்றால் நான் கட்டிக்கொள்கிறேன் என்றாள் என்னிடம். பரீட்சை நேரத்தில் வீட்டில் சண்டை எதற்கு என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட ஒரே சமயம் அதுதான், அதுவே தப்பாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டோம். பள்ளிக்கூடத்து வாசலில் பதருன்னிசா எங்களுக்கு முன்னால் வந்து, ஒரு விளம்பரப் போர்டின் நிழலில் இடம் பிடித்து வைத்திருந்தாள். கோவில்பட்டி மார்க்கெட்டில் பேன்ஸி கடை வைத்திருக்கிற அல்லாபிச்சை அண்ணாச்சியின் சம்சாரம். அவள் மகள் ஆசிபாவும் செல்வியும் அரசுப் பள்ளிக்கூடத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் சிநேகிதிகள். பதருன்னிசாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. மகள் தலையில் முக்காடு போட்டிருக்கிறாளே, உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று. அதற்காக எங்கெங்கோ கேட்டு, சீக்கிரமே வந்தால் பெண்களை வைத்துத் தனியாகச் சோதித்து விடுவார்கள் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தாள். அப்படியே நடந்தது. ஆசிபாவை ஒரு திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். கண்மூடித் திறப்பதற்குள் பெண் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் வெளியே வந்து கையை ஆட்டினாள். பதருன்னிசா என் தோளில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். உனக்கு ஒன்றும் இல்லையே, உன் பாடு சுகம் என்றாள் என்னிடம்.

அடுத்து செல்வி. சோதிக்கிற பெண் சின்ன வயசுக்காரி, நீலச் சட்டை போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அது நிறையக் கறுப்புக் கயிறு, சிவப்புக் கயிறு, தாயத்து, ஹேர்கிளிப். மெஷினை மேலும் கீழும் ஓட்டிவிட்டு, செல்வியின் கையைத் தூக்கிப் பார்த்து, இதை எடுத்துவிடுங்கள் என்றாள்.

எதை என்று கேட்டேன். சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

அவள் காப்பைத் தொட்டுக் காட்டினாள். முதல்நாள் சாயங்காலம் பூராவும் நான் தேடித்தேடிக் கழற்றினேனே, அத்தனைக்கும் நடுவில் மஞ்சளாக, பளிச்சென்று, அது அங்கேயே இருந்திருக்கிறது.

"இது காப்பும்மா. ஊர்ப் பொங்கல்" என்றேன்.

"தெரியுதுக்கா. எங்க ஊர்லயும் கட்டுவாவ. ஆனா கையில நூலு எதுவும் இருக்கப்பிடாது. இருந்தா விடமுடியாது."

என் வாயைத் திறந்தேன். முக்காட்டுக்கு ஒரு வழி இருக்கிறது, காப்புக்கு இல்லையா என்று கேட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. முக்காட்டை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், இதை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்ட முடியுமா என்று கேட்டாள். நியாயமாகத்தான் கேட்டாள். இருந்தாலும் உள்ளே போய் அதிகாரியிடம் எனக்காகக் கேட்டுவிட்டு வந்தாள். முடியாது என்றுவிட்டார். அந்த அதிகாரியையும் நான் குறை சொல்லமாட்டேன். மஞ்சள் கிழங்குக்குள் எதையாவது ஒளித்துக் கொண்டுபோகிற களவாணிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பெண் தொட்டியில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஒன்றரைக்குக் கதவைச் சாத்திவிடுவோம், அதற்குள் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்றாள்.

செல்வி கையை நீட்டினாள். "வெட்டும்மா" என்றாள். பயமே இல்லாமல்தான் சொன்னாள். இந்த அம்மா எப்பேர்ப்பட்ட அம்மா, எழவு வீட்டில் நின்று சாமியையே கேள்வி கேட்டவள், அவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்ற நம்பிக்கை.

கத்தரிக்கோலை வாங்கினேன். நூலுக்கு அடியில் ஒரு முனையைக் கொடுத்தேன். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. என் கண்ணுக்கு முன்னால் சதீஷ் வந்து நின்றான். ஹைவேயில் அவன் கிடந்த கோலம் இல்லை. அன்று காலையில் வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, என் வாசலைத் தாண்டிப் போனானே, அந்தக் கோலம். போய்ட்டு வாரேன் சித்தி என்று சொன்னான். அவன் மணிக்கட்டில் நூல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. என் கை நடுங்க ஆரம்பித்தது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் நிற்கவில்லை. மூன்று வருஷமாக ஊரையே எதிர்த்துப் பேசினேனே, அந்தப் பேச்செல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு என்மேலேயே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் வெட்ட முடியவில்லை.

என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்த செல்வி மெதுவாகத் தன் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீயே பயப்படுதியேம்மா" என்றாள்.

அவ்வளவுதான். அதுவரை அவளிடம் இல்லாத பயத்தை நான் கொடுத்துவிட்டேன். போர்டு நிழலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. நான் அறுத்துவிட்டுப் போய் உனக்கோ அப்பாவுக்கோ ஏதாவது ஆகிவிட்டால், உள்ளே உட்கார்ந்து என்னத்தை எழுதுவேன் என்று கேட்டாள். ஒன்றும் ஆகாதுடி என்றேன். அப்படியென்றால் நீ வெட்டு என்றாள். பதருன்னிசா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வெட்டட்டுமா அக்கா என்று மெல்லக் கேட்டாள். கேட்டுவிட்டு, அது தன் வேலை இல்லை என்று தெரிந்தவளாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து செல்வியிடம் கொடுத்தாள். எங்களைத் தாண்டி ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தர் போகும்போதும் வாசலில் வரிசை சுருங்கியது.

ஊருக்குப் போய்த் திரும்பி வர நேரம் இல்லை. பஸ்ஸும் அப்போது கிடையாது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கோயிலில் பந்தலுக்குக் கால் ஊன்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஐயையோ என்றார். அந்த மனுஷனுக்கு அவசரத்துக்கு அதற்கு மேல் வராது. உங்கள் அண்ணனிடம் போனைக் கொடுங்கள் என்றேன். நீயா பேசப்போகிறாய் என்று கேட்டார். கொடுங்கள் என்று கத்தினேன்.

போன் கை மாறியது தெரிந்தது. மேளக்காரர்கள் தோலைக் காய்ச்சித் தட்டிப் பார்க்கிற சத்தம் பின்னால் கேட்டது.

"அத்தான், நான் பாலம்மா. காப்பு இருந்தா செல்விய உள்ள விடமாட்டேங்காவ. என்னால வெட்ட முடியல அத்தான். என் கையில மாத்திக் கட்டுங்க. நான் கட்டிக்கிடுதேன்."

என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மாற்றிக் கட்ட வேண்டுமென்றால் அவர் இங்கே வரவேண்டும். வரவேண்டுமென்றால் எல்லைக் கல்லைத் தாண்ட வேண்டும். பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எந்தப் பூசாரியிடமும் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். அதுவும் நான் கேட்கிறேன். அந்த வார்த்தையைச் சொன்ன நான்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "கதவ எப்ப சாத்துவாவ?"

"ஒண்ணரைக்கு அத்தான்."

போன் நின்றுவிட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் அதேதான். கோபத்தில் போனைத் தூக்கி எறிந்துவிட்டாரா, ஊர்க்காரர்கள் கூடிக்கொண்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. பெரியப்பா வருவாங்களா என்று செல்வி கேட்டாள். வருவார் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

கத்தரிக்கோல் என் கையிலேயேதான் இருந்தது. அந்தப் பெண் திருப்பிக் கேட்கவில்லை. வேறொன்றை வைத்து வேலை பார்த்தாள். கதவை இழுக்கிற சமயத்தில் எது வந்தாலும் வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவது என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன். வெயில் தார் ரோட்டில் கொதித்தது. விளாத்திகுளம் ரோட்டுப் பக்கம் இருந்து வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன். லோடு ஆட்டோ, தண்ணீர் லாரி, கல்யாண வேன். வரிசை முடிந்துபோனது. வாசலில் நின்ற போலீஸ்காரர் இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று சத்தம் போட்டார். வேர்த்து வழிய ஒரு பையன் ஓடிவந்து உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

கதவில் ஒரு பாதியைச் சாத்தினார்கள்.

நான் செல்வியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கத்தரிக்கோலைத் திறந்தேன். செல்வி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் பதருன்னிசா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ரோட்டைக் காட்டினாள். எங்கள் வீட்டு டி.வி.எஸ் ஃபிப்டி, ராங் சைடில், கத்திக்கொண்டு வந்தது. சங்கிலிப்பாண்டி ஓட்டுகிறார். பின்னால் கொம்பையா. இடுப்பில் மஞ்சள் வேட்டி, மேலுக்குச் சட்டை இல்லை, காலில் செருப்பு இல்லை, நெற்றி முழுக்கத் திருநீறு வேர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்தார். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு ஓடிவந்தார்.

அவர் கையைத்தான் முதலில் பார்த்தேன். காப்பு இல்லை.

செல்வியின் கையைப் பிடித்து முடிச்சைத் தேடினார். ஐந்து நாள் மஞ்சளும் தண்ணீரும் பட்டு இறுகின முடிச்சு, நகத்துக்குச் சிக்கவில்லை. நீலச் சட்டைக்காரி என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக்கொள்ளும்படி அவருக்குச் சைகை காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து பல்லால் கடித்து முடிச்சை இளக்கினார். போலீஸ்காரர் அடுத்த பாதிக் கதவில் கை வைத்துவிட்டார். சார், ஒரு பிள்ளை இருக்கு, சோதனை முடிஞ்சாச்சு, நேரம் இன்னும் இருக்கு என்று அந்தப் பெண் சொன்னாள். அவள் நல்லா இருக்க வேண்டும்.

முடிச்சு இளகியது. நூலைத் தரையில் விடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"வாரது உனக்கு வரும். நல்லதுன்னாலும் கெட்டதுன்னாலும். சம்மதமா?"

"எனக்கே வரட்டும். கட்டுங்க" என்றேன்.

கையை நீட்டினேன். அவர் முதல் முடிச்சுப் போடும்போதே செல்வி கதவு இடுக்கில் நுழைந்துவிட்டாள். ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். போடி, திரும்பிப் பார்க்காதே என்று கத்தினேன். கதவைச் சாத்திவிட்டார்கள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உயிர் போய்த் திரும்பி வந்தது என்று சொல்வார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்ததை வீட்டுக்காரர் சொன்னார். என்னோடு பேசி முடித்ததும் அண்ணன் நேராகக் கோயிலுக்குள் போயிருக்கிறார். தம்பியைக் கூப்பிட்டுத் தன் காப்பை அவிழ்க்கச் சொல்லி, அதை அம்மன் சூலத்தில் கட்டியிருக்கிறார். இந்த வருஷம் பூசையை அடுத்த பங்காளி பார்த்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொன்னாராம். ஊர்ப் பெரியவர்கள் குறுக்கே நின்று என்னென்னவோ பேசியிருக்கிறார்கள். காதில் வாங்காமல் வண்டியில் ஏறினாராம். எல்லைக் கல்லைத் தாண்டும்போது மட்டும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறியிருக்கிறார். நடுவில் எல்லை தாண்டின பூசாரி என்பதால், இனிக் காப்பு அவிழ்க்கிற நாள்வரைக்கும் அவர் ஊருக்குள் கால் வைக்க முடியாது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கோயிலில் அவர் இல்லாமல் பொங்கல் நடந்ததில்லை.

பதருன்னிசா இதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எங்கள் கடை மாடியில் ஒரு ரூம் சும்மாதான் கிடக்கிறது, அண்ணன் அங்கே தங்கிக்கொள்ளட்டும், விரதத்துக்கு எப்படிச் சமைக்க வேண்டும் என்று நீ சொல்லிக்கொடு என்றாள். கொம்பையா சரி என்று தலையாட்டினார். வீட்டுக்காரர் அண்ணனுக்குச் செருப்பு வாங்கக் கடைப்பக்கம் போனார்.

போர்டு நிழலில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தது. நான் அன்றைக்குப் பேசினதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்குத்தான் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லையே, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காப்பைத் திருகிக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார். மூடியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சதீஷு அன்னைக்கு எங்கிட்ட வந்து கைய நீட்டினான். அவுத்துவிடுங்கய்யா, அம்மா கையில மாத்திக் கட்டுங்க, இன்டர்வியூக்குப் போகணும்னான். நான் மாட்டேன்னுட்டேன். வெள்ளனப் போக வேண்டிய பிள்ள. எங்கூட மல்லுக்கட்டியே அவனுக்கு நேரம் போயிருச்சு. பொறவுதான் அவனா அறுத்துட்டு வண்டிய எடுத்துட்டு ஓடுனான்."

உள்ளங்காலில் ஒட்டியிருந்த தாரைக் கிள்ளி எடுத்தார்.

"நான் அவுத்துவிட்டிருந்தா நிதானமாப் போயிருப்பான், பாலம்மா."

ஊர் காளியைச் சொன்னது. நான் லாரிக்காரனைச் சொன்னேன். இந்த மனுஷன் மூன்று வருஷமாக வாயே திறக்காமல் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் வார்த்தைக்குக் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் உள்ளங்காலில் மெல்ல ஊற்றினேன். செருப்போடு வந்த வீட்டுக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பை அண்ணன் காலருகே வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் பெல் அடித்துக் கதவைத் திறந்தார்கள். பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். ஆசிபாவும் செல்வியும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். எத்தனை கேள்விக்கு எழுதினாய், பிசிக்ஸ் எப்படி, போன தரத்தைவிட நன்றாக இருந்ததா என்று கேட்பதற்கு நான் ஆயிரம் கேள்வி வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கொம்பையா எழுந்து, கொப்பளித்த காலை மெல்ல ஊன்றி அவளுக்கு எதிரே போய் நின்றார்.

"நிதானமா எழுதுனியா, தாயி?"

செல்வி அவர் முகத்தையே பார்த்தாள். "நிதானமாத்தான் எழுதுனேன், பெரியப்பா" என்றாள்.

அவர் தோள் துண்டைத் தேடினார். துண்டு இல்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை சனத்துக்கும் நடுவில் நின்று அழுதார். மகனைத் தூக்கிப்போன அன்று அழாத மனுஷன். எங்கள் பக்கம் புருஷனுக்கு மூத்தவரைப் பெண்பிள்ளைகள் தொடுகிற வழக்கம் இல்லை. நான் எழுந்து போய், காப்பு கட்டின கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.